மூன்றரை முதல் ஐந்து வரை

1. நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில், பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த நம் ஊர் நகராட்சிப் பூங்காவைத் திறந்தார்கள்.

2. நம் தெருப் பெண்கள் மனு கொடுத்ததில், ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் மூன்றரை முதல் ஐந்து வரை பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் மட்டும் என்று நேரம் ஒதுக்கினார்கள். சோதனை முறையில்தான். ஏதாவது தகராறு என்றால் நிறுத்திவிடுவோம் என்று சொல்லியே கொடுத்தார்கள்.

3. இரண்டாவது வாரமே ஓர் ஊஞ்சலின் பலகை உடைந்தது.

4. அதற்குப் பதிலாக அம்மா தோலில் ஓர் இருக்கை தைத்து மாட்டினாள்.

5. அது மூன்று ஞாயிறு தாங்கியது. நான்காவது ஞாயிறு அறுந்தது. எதிர்வீட்டு காலா விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

6. அதற்கடுத்த ஞாயிறு நகராட்சி ஓவர்சியர் விசாரிக்க வந்தார்.

7. அன்றோடு பெண்கள் நேரம் நின்றது.

அந்தக் கோடையில் நம் தெருவில் எட்டு, ஒன்பது வயதாக இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வரிசை உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த இருக்கை ஏன் அறுந்தது என்பதை அன்று யாருமே சரியாகச் சொல்லவில்லை. நாம் சொல்லாததில் ஆச்சரியமில்லை. பெரியவர்களும் சொல்லவில்லை.

பூங்கா எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், நமக்கு அப்போது அது பற்றி அக்கறை இருந்ததில்லை. நடுவில் எட்டுப் பக்கமாக ஒரு சின்ன அறை இருந்ததே, வாட்ச்மேன் துடைப்பம் வைத்திருந்த அறை, அது ஒரு காலத்தில் வானொலி அறை. சாயங்காலம் அங்கிருந்து ஒலிபெருக்கியில் செய்தி கேட்குமாம். ஊர் ஆண்கள் புல்லில் உட்கார்ந்து கேட்டார்களாம். வீட்டுக்கு வீடு ரேடியோ வந்த பிறகு அங்கே வர ஆள் இல்லை. பிறகு பக்கத்துத் தோல் மண்டிக்காரர்கள் உப்புப் போட்ட தோலை அங்கே அடுக்கி வைத்தார்கள். வருடக்கணக்காக அடுக்கினார்கள். அதை நிறுத்தி, மதில் எழுப்பி, மறுபடி பூங்கா ஆக்கியபோது மேல்மண்ணை மட்டும் மாற்றினார்கள். உப்பு அடியிலேயே இருந்தது. ஊஞ்சலுக்குக் கீழே புல் ஏன் முளைக்கவே இல்லை என்பதற்கு அதுதான் காரணம். அங்கே மண் வெள்ளையாகப் பூத்து, சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும். மழை பெய்தால் பழைய தோல் வாடை எழும். நமக்கு அது வாடை என்றே தெரியாது. வேலூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் மூக்கைப் பிடித்தால்தான் நினைவு வரும்.

உள்ளே இருந்தவை: மொசைக் பதித்த யானைச் சறுக்கு ஒன்று, வால் பக்கம் ஏறித் தும்பிக்கை வழியாக இறங்க வேண்டும். கையால் தள்ளிச் சுற்றும் இரும்பு ராட்டினம். சீசா இரண்டு. நீல பெயிண்ட் அடித்த நீரூற்றுத் தொட்டி, தண்ணீர் மட்டும் வரவில்லை. சிமென்ட் மான் இரண்டு, ஒன்றுக்குக் கொம்பு இல்லை. ஊஞ்சல் நான்கு.

மூன்றரை மணி என்பது யாருக்கும் வேண்டாத நேரம். நம் ஊர் வெயிலில் சித்திரை மாதம் மூன்றரை மணிக்கு எந்த ஆண் பூங்காவுக்கு வருவான்? அதனால்தான் அந்த நேரத்தைத் தாராளமாகக் கொடுத்தார்கள். யானையின் முதுகு சுடும். காலி சிமென்ட் மூட்டையை மடித்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துதான் சறுக்க முடியும். வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலியை ரோட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொள்வார். ஐந்து மணிக்கு மணி அடிக்கும் வரை ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

முதல் ஞாயிறு நான் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. புர்காக்களைக் கழற்றி மடித்து சிமென்ட் பெஞ்சில் வரிசையாக அடுக்கினார்கள். பக்கத்தில் கைப்பைகள், டிபன் டப்பாக்கள். செருப்புகள் எல்லாம் கேட்டருகே குவிந்தன. ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் செருப்புகள், பாதிக்கு மேல் அறுந்து ஊக்கு மாட்டியவை. பிறகு அவர்கள் அத்தனை பேரும், பல்லாவரத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கும் அக்காவிலிருந்து மாதா கோவிலில் பூ அலங்கரிக்கும் பெரியம்மா வரை, வெறுங்காலோடு ராட்டினத்தை நோக்கி ஓடினார்கள். ஓடினார்கள் என்பதுதான் எனக்கு அதிசயம். அதற்கு முன் அம்மா ஓடி நான் பார்த்தது கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க மட்டும்தான்.

ஊஞ்சலுக்குத்தான் போட்டி. கம்பெனியில் லைன் போடுவது போலவே இங்கும் லைன் போட்டார்கள். ஆளுக்கு இருபது ஆட்டம் டார்கெட். காலைத் தரையில் தேய்த்தால் அந்த ஆட்டம் ரிஜெக்ட். எண்ணுவதற்கு என்னை நிறுத்தினார்கள், நான் செக்கர். எனக்கு எண்கள் தப்பாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்படியும் சண்டை வந்தது. "இன்னாடி, இருவதுன்ற? பதினெட்டு தான் ஆடுனேன், என் முட்டிக்குத் தெரியாதா?" என்று ஒரு பெரியம்மா இறங்க மறுத்தார்.

அம்மா ஷூவின் மேல்பாகத்தை, அதாவது அப்பரை, தைக்கிறவள். காலை எட்டரையிலிருந்து ஐந்தரை வரை மெஷின் முன்னால் குனிந்திருப்பாள். வீட்டுக்கு வந்தால் ஜாப் ஒர்க் மெஷின் முன்னால். அவளை எனக்கு உச்சி வகிடாகத்தான் தெரியும். அன்று அவள் பலகையில் உட்கார்ந்து, இரண்டு சங்கிலியையும் பிடித்து, பின்னால் நடந்து, காலை விட்டாள். மூன்று ஆட்டத்தில் என் தலைக்கு மேல் போனாள். எட்டு ஆட்டத்தில் ஊஞ்சல் கம்பிக்கு நேராகப் போனாள். அந்த உயரத்தில் சங்கிலி ஒரு நொடி தொய்ந்து, மறுபடி விறைத்தது. அவள் முகம் வானத்தைப் பார்த்திருந்தது. அம்மாவின் கழுத்து அவ்வளவு நீளமானது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை, கத்தவில்லை. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். எத்தனை ஆடினாள் என்று இன்றுவரை தெரியாது. லைனில் நின்றவர்களும் கேட்கவில்லை.

காலா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து புர்காக்களுக்குக் காவல் இருந்தார். எதிர்வீட்டுக்காரர். அவர்கள் வீட்டில் சின்னம்மாவைக் காலா என்பார்கள், தெருவே அப்படிக் கூப்பிட்டது. மனுவை எழுதியது அம்மாவும் அவரும் சேர்ந்துதான். வீட்டில் இருந்தபடியே ஷூ அப்பருக்குத் தோல் வாரைக் கையால் பின்னிக் கொடுப்பார், விரல்கள் அவ்வளவு வேகம். உடம்பு பெரிய உடம்பு. பலகையில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தார், இரண்டு சங்கிலியும் இடுப்பை இறுக்கின. இறங்கிவிட்டார். "இத்த அளவு எடுத்தவன் வூட்ல பொம்பளையே இல்ல போல," என்று சொல்லிவிட்டு பெஞ்சுக்குப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பலகை உடைந்ததும் வாட்ச்மேன் ஆபீசில் சொன்னார். எழுதிப் போட்டிருக்கிறது என்று பதில் வந்தது. கோடை போய்க்கொண்டிருந்தது. அம்மா ஒரு நாள் காலா வீட்டு வாசலில் பேசிக்கொண்டே இன்ச் டேப்பை அவர் இடுப்பைச் சுற்றி விட்டாள். "இன்னா தங்கச்சி, ரவிக்கை தைக்கிறியா?" என்று காலா கேட்டார். அம்மா அளவைக் குறித்துக்கொண்டாள். துண்டுத்தோல் கடையில் நல்ல கனமான எருமைத் தோல் இரண்டு பட்டை வாங்கி வந்தாள். இரண்டையும் ஒட்டி, இரு முனைகளையும் இரும்பு வளையங்களுக்குள் நுழைத்து மடித்து, மடிப்பைக் குறுக்கே தைத்தாள். ஒரு வரி அல்ல, நான்கு வரி. கம்பெனியில் அம்மாவின் தையலைத்தான் புதுசாகச் சேருகிறவர்களுக்குக் காட்டுவார்கள், அவ்வளவு சின்னத் தையல், அவ்வளவு சீர். இதற்கு அதைவிடவும் நெருக்கமாகப் போட்டாள். ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் இடையில் நகம் நுழையாது. "காலா உக்கார்றது. லேசா இருக்கக் கூடாது," என்றாள்.

அந்த இருக்கை உட்கார்ந்தவரின் இடுப்பைச் சுற்றி வளைந்துகொள்ளும். அகலமானது, மெத்தென்றிருக்கும். மாட்டிய அன்று காலாவைத்தான் முதலில் உட்கார வைத்தார்கள். இரண்டு பேர் தள்ளினார்கள். முதல் ஐந்து ஆட்டம் கண்ணை மூடிக்கொண்டு துவா ஓதினார். ஆறாவதில் கண்ணைத் திறந்தார். பத்தாவதில் தள்ளுகிறவர்களைப் போகச் சொல்லிவிட்டார். அந்தப் பெரிய உடம்பு காற்றில் ஏறி, நின்று, இறங்கியதை வாயைப் பிளந்து பார்த்தேன். பாரம் கூடினால் ஊஞ்சல் மெதுவாக ஆடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நம்மைப் போலவே, அதே நேரத்தில், அவரும் போய் வந்தார். இருபது முடிந்ததும் இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, "மதிலுக்கு அந்தாண்ட ரயில் போறது தெரியுது," என்றார். மறுபடி லைனின் கடைசியில் போய் நின்றார்.

நான்காவது ஞாயிறு நான் பதினான்கு என்று எண்ணினேன். நோட்டுப் புத்தகத்திலிருந்து தாளைக் கிழிப்பது போல ஒரு சத்தம். காலா பின்னால் போய்த் திரும்பிய இடத்தில் ஒரு பக்கம் விட்டுப்போனது. அந்த உப்பு மண்ணில் வலது கையை ஊன்றி விழுந்தார். கேட்டுக்கு வெளியிலிருந்த வாட்ச்மேன் அப்போதும் திரும்பவில்லை, "உள்ள வரலாமா, உள்ள வரலாமா" என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ காலாவுக்குப் புர்காவைப் போர்த்திய பிறகுதான் ஓடிவந்து ஆட்டோ பிடித்தார். வேலூருக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டு போட்டார்கள்.

நான் அறுந்த முனையைத் தொட்டுப் பார்த்தேன். தோல் நடுவில் அறுந்திருக்கவில்லை. நூலும் அறுந்திருக்கவில்லை. முதல் வரித் தையல் நெடுகிலும், தபால்தலையின் ஓரம் போலச் சின்னச் சின்னப் பல்லாகக் கிழிந்திருந்தது.

அந்த வாரம் முழுக்கத் தெருவில் ஒரே பேச்சு. அந்த உடம்புக்கு இந்த ஆசை தேவையா என்றார்கள். சொன்னவர்களில் நம் வீட்டுப் பெண்களும் உண்டு, ஊஞ்சல் லைனில் காலாவுக்கு முன்னும் பின்னும் நின்றவர்களும் உண்டு. ஆத்திரம் இல்லை அவர்களுக்கு, பயம். ஒரு தகராறு வந்தால் நேரம் போய்விடும் என்ற பயம்.

ஓவர்சியர் நல்ல மனிதர். அதையும் சொல்ல வேண்டும். மூன்றரைக்கு வந்து, எல்லோரும் போர்த்திக்கொள்ளும் வரை கேட்டில் காத்திருந்து, பிறகுதான் உள்ளே வந்தார். அவருக்கும் நேரத்தை நிறுத்தும் எண்ணம் இல்லை. ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். இந்த உடம்போடு ஊஞ்சலில் ஏறியது என் தவறு, இனிமேல் பூங்காவுக்கு வரமாட்டேன் என்று காலா ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அதை ஃபைலில் வைத்துவிட்டு, நேரத்தை அப்படியே தொடரலாம். கடிதத்தை அவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார். பெண்கள் எல்லோரும் காலாவைப் பார்த்தார்கள்.

காலா தயங்கவே இல்லை. "குடுங்க சார். எடது கையில போட்றேன். கோணலா வரும், பரவால்லியா?"

அவர் பேனாவை வாங்கிவிட்டார். பெஞ்சில் தாளை வைத்துக் குனிந்தார். கட்டுப்போட்ட கையால் தாளை அமுக்க முடியவில்லை, தாள் நகர்ந்தது. அதைப் பிடித்துக்கொள்ள யாராவது வர வேண்டும். அம்மா போனாள். பிடிப்பதற்கு என்றுதான் நினைத்தோம். தாளை எடுத்து ஓவர்சியரிடம் கொடுத்தாள்.

"இது வேணாம் சார். அக்கா வெயிட்டு இல்ல. சீட்டு நான் தச்சது. தையல்ல தான் தப்பு."

ஓவர்சியர் அவளை ஒருகணம் பார்த்தார். நகராட்சி ஊஞ்சலில் வெளியாள் செய்த இருக்கையை யார் அனுமதியோடு மாட்டினீர்கள் என்று கேட்டார். யார் அனுமதியும் இல்லை என்று அம்மா சொன்னாள். இதை எழுதினால் நேரத்தைத் தொடர முடியாது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யாரோ பின்னாலிருந்து அம்மாவின் முந்தானையை இழுத்தார்கள். அம்மா அதே குரலில் சொன்னாள்: "தையல் பத்தல. இன்னும் நெருக்கமா போட்டிருக்கணும். அப்டியே எழுதிக்கங்க."

அவர் எழுதிக்கொண்டார். இருக்கையைக் கழற்றி எடுத்துப்போனார். அது எந்த ஸ்டோர் ரூமில் போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. கேட்டில் இருந்த 'பெண்கள் நேரம்' பலகையை வாட்ச்மேன் அன்றே கழற்றினார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது ஏன் சொன்னாய் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். உங்களுக்கு இருந்த கோபம் எனக்கும் இருந்தது. "தப்பு தையல்ல இருக்குது. அவுரு ஆள் மேல எழுதறாரு," என்றாள்.

கம்பெனி பஸ்ஸில் அதற்கப்புறம் அம்மாவுக்கு யாரும் இடம் பிடித்து வைக்கவில்லை. பள்ளி திறக்கும் வரை நின்றபடியே போய் வந்தாள். காலாவுக்குக் கம்பெனி வேலை இல்லை, பஸ் ஸ்டாப்புக்கு வரத் தேவையும் இல்லை. ஆனாலும் தினமும் காலையில், கழுத்திலிருந்து தூளியில் தொங்கிய கையோடு வந்து, பஸ் வரும் வரை அம்மா பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை.

இப்போது நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தோல், நூல், பசை எல்லாவற்றையும் இழுத்து, மடக்கி, நனைத்து, எப்போது விட்டுப்போகும் என்று பார்ப்பதுதான் வேலை. சேர்ந்த முதல் மாதம் ஒரு பயிற்சி. ஒரே தோலில் வெட்டிய இரண்டு பட்டைகள். ஒன்றில் தள்ளித் தள்ளித் தையல், மற்றதில் நெருக்கமான தையல். எது முதலில் கிழியும் என்று கேட்டார்கள். நான் அம்மாவின் மகள், தள்ளிப் போட்டதுதான் என்றேன். மெஷினில் மாட்டி இழுத்தார்கள். நெருக்கமான தையல் போட்டதுதான் முதலில் போனது. அதே சத்தம். நோட்டுத் தாள் கிழிகிற சத்தம். எடுத்துப் பார்த்தால், ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பல்.

ஒவ்வொரு தையலும் தோலில் ஓர் ஓட்டை. துணியென்றால் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும், தோலை வெட்டிக்கொண்டுதான் போகும். ஓட்டைகள் நெருங்க நெருங்க, நடுவில் தாங்குவதற்குத் தோல் மிஞ்சாது. ஷூவில் அந்தச் சின்னத் தையல் அழகு, அங்கே அவ்வளவு பாரம் வருவதில்லை. ஆள் உட்காரும் இடத்தில், அதுவும் இழுக்கும் திசைக்குக் குறுக்கே போட்டால், கிழிப்பதற்கு நாமே கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. தையல் குறைவு என்று அம்மா நினைத்தாள். கூடிப்போனதுதான் தப்பு. குண்டான ஆளுக்காகக் கூடுதல் அக்கறையோடு போட்ட ஒவ்வொரு தையலும் அந்த இருக்கையைப் பலவீனப்படுத்தியிருக்கிறது. அப்படித் தைத்த இருக்கையில் யார் உட்கார்ந்திருந்தாலும் என்றாவது அறுந்திருக்கும். காலா உட்கார்ந்திருந்தபோது அறுந்தது, அவ்வளவுதான்.

இதை அம்மாவிடம் சொல்ல எனக்குப் பல வருடம் ஆனது. அவளுடைய தையலைக் குறை சொல்ல வாய் வரவில்லை. போன மாதம்தான் சொன்னேன். பரிசோதனைக் கூடத்திலிருந்து இரண்டு பட்டைத் துண்டுகளைக் கொண்டுவந்து காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பல் பல்லான ஓரத்தை வெகுநேரம் பார்த்தாள். எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல், தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

காலா கட்டிலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்தது, விரல்களுக்குப் பழைய வேகம் இல்லை. அம்மா அவரிடம் துண்டைக் கொடுத்து, நான் சொன்னதைத் தன் வார்த்தையில் சொன்னாள். காலா அந்தப் பற்களின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். தோல் தெரிந்த விரல். பிறகு என்னிடம்தான் கேட்டார், அம்மாவிடம் இல்லை.

"அப்போ நெஜமாவே என் வெயிட்டு இல்லியா?"

"இல்ல காலா."

"உங்கம்மா அன்னிக்கு எனக்காவ பொய் சொன்னான்னு நெனச்சேன்," என்றார். "என்னால தான் எல்லாருக்கும் அந்த நேரம் போச்சுன்னு."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வருடம், ஒரு தெருவின் அகலத்தில் எதிரெதிரே இருந்திருக்கிறார்கள். அன்று ஊரே கேட்க உண்மையைச் சொன்னாள் அம்மா. யாருக்காகச் சொன்னாளோ அவர் ஒருவர்தான் அதை நம்பவில்லை. நம்பாமலேயே, அந்தப் பொய்க்கு நன்றியாக, ஒவ்வொரு காலையும் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றிருக்கிறார்.

"நான் ஒண்ணும் பொய் சொல்லலக்கா," என்றாள் அம்மா.

"இப்போ தெரியுது," என்றார் காலா. கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். அம்மா உட்கார்ந்தாள்.

பூங்கா இருக்கிறது. நீரூற்றுத் தொட்டியை மூடிவிட்டு உடற்பயிற்சிக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். யானை இருக்கிறது. ஊஞ்சல் நான்கும் புதியவை, பிளாஸ்டிக் இருக்கை, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஏறக்கூடாது என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. பெண்கள் நேரம் கேட்டு இரண்டு வாரத்துக்கு முன்னால் மறுபடி மனு கொடுத்திருக்கிறோம், பெரியவர்கள் பாரம் தாங்கும் ஊஞ்சல் ஒன்றுக்கான வரைபடத்தையும் இணைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவை ஐந்து மணிக்குத்தான் திறக்கிறார்கள். மூன்றரையிலிருந்து ஐந்து வரை உள்ளே யாரும் இல்லை.